சிறு பட்டறைக் கடிகாரத்தை எப்படி எடைபோடுவது? கேள்வி பதில்

பெரிய கம்பெனிகளை விட்டு, ஆண்டுக்குச் சில கடிகாரங்களே செய்யும் தனிக் கைவினைஞர்களிடம் வாங்க விரும்பும் நம் மொரிஷியஸ் நண்பர்கள் கேட்டவை இவை. ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர். பதில் சொல்பவன் போர்ட் லூயிஸில் கடிகாரம் பழுது பார்ப்பவன்.

ரோஸ் ஹில்: ஐயா, ஒரு காரின் விலை சொல்கிறார்கள். கையில் வாங்கியதும் முதலில் எதைப் பார்க்கவேண்டும்?

டயலைப் பார்க்காதீர்கள், திருப்புங்கள். பின்பக்கக் கண்ணாடி வழியே, பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் என்ற கைலென்ஸை வைத்து, மெஷினின் சக்கரங்களைத் தாங்கும் பிரிட்ஜ் தகடுகளின் ஓரத்தைப் பாருங்கள். நல்ல வேலையில் ஓரம் சாய்வாகச் சீவி மெருகேற்றப்பட்டிருக்கும். சாய்வின் அகலம் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவாக ஓடவேண்டும். அப்புறம் உள்மூலையைத் தேடுங்கள். இரண்டு சாய்வுகள் உள்நோக்கிச் சந்திக்கும் இடம் அது. இயந்திரத்தின் வெட்டும் கருவி சுழல்வது, அதனால் அது போன இடத்தில் மூலை வளைந்துதான் நிற்கும். ஊசிமுனை போலக் கூர்மையாக நிற்கிறது என்றால், அங்கே ஒருவர் அரம் பிடித்து உட்கார்ந்திருக்கிறார். பிறகு மெருகுக்கு ஜென்ஷியன் என்ற மலைச்செடியின் காய்ந்த தண்டைப் பயன்படுத்துவது சுவிஸ் வழக்கம். சுவிட்சர்லாந்தின் வாலே த ஜூ பள்ளத்தாக்கில் வேலை செய்யும் பிலிப் துஃபூரின் ‘சிம்ப்ளிசிட்டி’ 2000ஆம் ஆண்டு வந்தது. அதில் மூன்று முள்களைத் தவிர ஆடம்பரமான வசதி எதுவும் கிடையாது. ஆனாலும் உலகம் அதைக் கொண்டாடுவது இந்த ஓரங்களுக்காகத்தான்.

அடுத்தது எஃகுத் திருகுகளின் தலைகள், மேலே மூடும் சிறு தொப்பிகள். கறுப்பு மெருகு என்பார்கள். தகரத் தட்டில் வைரப் பசை தடவித் தேய்ப்பது. ஒரு கோணத்தில் கண்ணாடிபோல மின்னும், கொஞ்சம் சாய்த்தால் முழுக் கறுப்பாகிவிடும். இடையில் சாம்பல் நிறம் தெரிந்தால் வேலை பாதியில் நின்றுவிட்டது.

எல்லாக் கைவினைஞரிடமும் இதையே எதிர்பார்க்கவும் கூடாது. பிரிட்டன் பக்கத்துத் தீவான ஐல் ஆஃப் மேனில் ரோஜர் ஸ்மித் செய்வது ஆங்கிலேய மரபு. பொன்முலாம் பூசிய தகடு உறைபனி படிந்ததுபோல மங்கலாக இருப்பதே அங்கே அழகு. அவரவர் மரபில் குறை இருக்கிறதா என்றுதான் பார்க்கவேண்டும்.

காத்ர் போர்ன்: “எல்லாம் என் கையால் செய்தது” என்றார் ஒரு கைவினைஞர். விசாரித்தால் மெஷின் வெளியில் வாங்கியதாம். இது ஏமாற்றுதானே?

வாங்கியதில் தவறில்லை, மறைத்ததுதான் தவறு. சுவிஸ் கம்பெனி செல்லிட்டாவின் எஸ்டபிள்யூ 200 நம்பகமான மெஷின். அதை வாங்கி, பிரித்து, மெருகேற்றிப் போடுகிறவர் நேர்மையாக அப்படியே சொல்லலாம், விலையும் அதற்கேற்ப வைக்கலாம். ஹேர்ஸ்பிரிங் என்ற முடிபோன்ற சுருள்வில், சக்கர அச்சுகள் சுழலும் ரூபி கற்கள் போன்றவற்றைத் தானே செய்கிறவர் உலகத்திலேயே மிகக் குறைவு. நம் தீவிலேயே, 1970இன் ஏற்றுமதி வலயச் சட்டத்துக்கும் முன்னால், சுவிஸ் கடிகாரங்களுக்கான ரூபி கற்களைச் செய்த ஆலை இருந்தது. நம் பெண்களின் விரல்கள் தொட்ட கற்கள் எத்தனையோ பெரிய பெயர்களுக்குள் ஓடியிருக்கும். எனக்கு அதில் பெருமை உண்டு.

‘சுவிஸ் மேட்’ என்ற எழுத்தும் முழுப் பதில் ஆகாது. 2017 முதல் உற்பத்திச் செலவில் குறைந்தது 60 சதவீதம் அங்கே ஆகியிருக்கவேண்டும் என்பது விதி. மீதி எங்கிருந்தும் வரலாம். ஆகவே தகடு, டயல், கேஸ், முள் ஒவ்வொன்றையும் யார் செய்தது என்று எழுதிக் கேளுங்கள். நல்ல கைவினைஞர் டயல் செய்தவர் பெயரை மகிழ்ச்சியோடு சொல்வார். மழுப்பினால் பணத்தை வெளியே எடுக்காதீர்கள்.

வாக்வா: எனாமல் டயல் என்கிறார்கள். பெயிண்டா, உண்மையா?

உண்மை எனாமல் கண்ணாடித் தூள். சுமார் 800 டிகிரி சூட்டில், ஒன்றன்மேல் ஒன்றாகப் பல முறை சுடவேண்டும். லூப்பில் பார்த்தால் முள் துளையின் ஓரத்தில் கண்ணாடிக்குரிய உருண்ட விளிம்பு தெரியும். ஓரிரு நுண்துளை இருந்தால் பயப்படவேண்டாம், விரிசல் இருந்தால் வேண்டாம்.

க்யூர்பிப்: நீல முள்?

சாய்த்துப் பாருங்கள். சுமார் 300 டிகிரியில் சூடேற்றி நீலமாக்கிய எஃகு ஒரு கோணத்தில் கறுப்பாகவும் இன்னொன்றில் பளிச்சென்ற நீலமாகவும் மாறும். பெயிண்ட் எப்படித் திருப்பினாலும் ஒரே நீலம்.

ரோஸ் ஹில்: நாளுக்கு இரண்டு வினாடி பிழைதான் என்று ஒரு தாள் கொடுத்தார். போதுமா ஐயா?

எந்த நிலையில் வைத்து எடுத்த அளவு என்று கேளுங்கள். டயல் மேலே இருக்கும்போது எதுவும் நன்றாக ஓடும். சி.ஓ.எஸ்.சி. என்ற சுவிஸ் துல்லியச் சான்று அமைப்பின் சோதனை 15 நாள், ஐந்து நிலைகளில், மூன்று வெப்பநிலைகளில் நடக்கும். சராசரி நாளுக்கு −4 முதல் +6 வினாடிக்குள் இருக்கவேண்டும். உங்களுக்கும் நிலைவாரியாக எண்கள் வேண்டும். முழுச் சாவி கொடுத்த உடனே ஒன்று, 24 மணி நேரம் கழித்து ஒன்று. ஒரு நிலைக்கும் இன்னொன்றுக்கும் பெரிய இடைவெளி இருந்தால், முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரத்தைச் சமன் செய்ய நேரம் செலவழிக்கவில்லை.

திரியோலே: என் மகனின் திருமணத்துக்குத் தமிழ் எண்கள் போட்ட டயல் செய்யச் சொல்லியிருக்கிறோம். கவனிக்க ஏதாவது?

அருமையான எண்ணம். நம் ரூபாய் நோட்டிலேயே தமிழ் எண்கள் இருக்கின்றனவே! முதலில் பத்து, பதினொன்று, பன்னிரண்டை எப்படி எழுதுவது என்று முடிவு செய்யுங்கள். பழைய முறையில் ௰, ௰௧, ௰௨. இடமதிப்பு முறையில் ௧௦, ௧௧, ௧௨. எனக்குப் பழைய முறையே பிடிக்கும், பத்துக்கு டயலில் இடமும் மிச்சம். இரண்டையும் கலக்காதீர்கள். எழுத்து தெரியாத கைவினைஞருக்கு ௧, ௭, ௮ எல்லாம் வெறும் கோடுகள்தான். சுழியைத் திருப்பிப் போட்டுவிடலாம். பெரிதாக்கிய வரைபடத்தை வாங்கி, தமிழ் வாசிக்கத் தெரிந்த இரண்டு பேரிடம் காட்டி, கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். சுட்ட பிறகு எனாமலைத் திருத்த முடியாது.

கிராண்ட் பே: தண்ணீர் தாங்கும் அளவு 30 மீட்டர் என்று போட்டிருக்கிறது. கடலில் இறங்கலாமா?

வேண்டாம். கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீருக்குத்தான் அது.

போர்ட் லூயிஸ்: ஒரே ஆள் பட்டறை. அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

நியாயமான பயம். 1985இல் தொடங்கிய ஏ.எச்.சி.ஐ. என்ற தனிக் கடிகாரக் கைவினைஞர்கள் சங்கத்தில் அவர் உறுப்பினரா என்று பாருங்கள். சக கைவினைஞர்கள் அவர் வேலையைப் பார்த்திருப்பார்கள். அதைவிட முக்கியம், மெயின்ஸ்பிரிங் என்ற சாவி ஏறும் சுருள், தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம், கண்ணாடி மூன்றும் சந்தையில் கிடைக்கும் அளவா என்பது. அந்த அளவுகளை ஒரு தாளில் எழுதி வாங்கிப் பெட்டிக்குள் வையுங்கள். அவர் தானே வடிவமைத்த பாகங்கள் இருந்தால் அவற்றின் வரைபடமும் வேண்டும். அது இருந்தால் என்னைப் போன்றவர்கள் இங்கேயே செய்து கொடுக்க முயலலாம், இல்லாவிட்டால் கடிகாரம் கடல் தாண்டத்தான் வேண்டும்.