அறிவியலா, கொள்கையா? சுற்றுச்சூழல் படிப்பைத் திட்டமிடுகிறவர்கள் கேட்டவை

கேள்வி: சுற்றுச்சூழல் அறிவியலும் கொள்கையும் சேர்ந்த பட்டப்படிப்பில் சேர்ந்திருக்கிறேன். இரண்டையும் சரிபாதியாகப் படிக்கலாமா?

பதில்: சரிபாதி வேண்டாம். அறிவியல் பக்கம் ஏதாவது ஒன்றில் ஆழமாகப் போங்கள்: நீர், காற்று, மண், உயிரினங்கள், ஆற்றல், எது பிடிக்கிறதோ அது. கொள்கையை வேலையில் இருந்துகொண்டே ஓரளவு பிடித்துவிடலாம், ஆனால் வேதியியலையும் நீரியலையும் ஆய்வகமும் ஆசிரியரும் இல்லாமல் பின்னாளில் தனியாக உட்கார்ந்து கற்றுக்கொள்வது பெரும்பாடு.

ஓசோன் விஷயத்தையே பாருங்கள். ஸ்ப்ரே டப்பாக்களிலும் குளிர்சாதனங்களிலும் இருந்த குளோரோஃபுளோரோகார்பன்கள் ஓசோன் படலத்தைச் சிதைக்கும் என்று வேதியியலாளர்கள் மொலினாவும் ரோலண்டும் 1974-இல் எழுதினார்கள். 1985-இல் அண்டார்டிகாவுக்கு மேலே ஓசோன் சரிந்திருப்பதை பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள், 1987-இல் அந்த மாதிரிப் பொருட்களைக் கட்டுப்படுத்த நாடுகள் சேர்ந்து போட்ட மாண்ட்ரியால் ஒப்பந்தம் வந்தது. அதன் இணைப்பைத் திறந்தால் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே அதன் ஓசோன் அழிக்கும் திறன் எண்ணாகவே போட்டிருக்கும். சட்டத்துக்குள் வேதியியல் அப்படித்தான் நுழைகிறது. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தெரிந்தவராக நீங்கள் வெளியே வர வேண்டும்.

கேள்வி: எனக்குக் கணக்கு என்றாலே பயம். அது இல்லாமல் சமாளிக்க முடியுமா?

பதில்: நுண்கணிதத்தில் அடிப்படை இருந்தால் பெரும்பாலான பாடங்களுக்குப் போதும். புள்ளியியலை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் அறிவியலும் சட்டமும் முட்டிக்கொள்ளும் இடமே அதுதான்.

கழிவுநீரில் பி.ஓ.டி. பார்ப்பதை எடுத்துக்கொள்வோம், அதாவது அதிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிரிகள் எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன என்ற அளவு. மாதிரியைக் காற்றுக்குமிழி இல்லாமல் குப்பியில் நிரப்பி மூடி, 20 டிகிரி செல்சியஸில் இருட்டில் 5 நாள் வைத்து, கரைந்திருந்த ஆக்சிஜன் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்பார்கள். ஒரே தண்ணீரை இரண்டு குப்பிகளில் வைத்தால்கூட எண் கொஞ்சம் முன்பின்னாக வரும். இப்போது ஒரு ஆலையின் அனுமதியில் லிட்டருக்கு 30 மில்லிகிராம் என்று இருக்கிறது, ஆய்வகம் 33 என்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இது மீறலா? அந்த 30 என்பது மாதச் சராசரியா, ஒரு நாளும் தாண்டக்கூடாத உச்சமா? மாதிரி ஒரே தடவையில் மொண்டு எடுத்ததா, 24 மணி நேரமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்ததா? வழக்கறிஞருக்குச் சராசரியா உச்சமா என்ற கேள்வி புரியும், வேதியியலாளருக்கு மாதிரி எடுத்த விதம் பற்றிய கேள்வி புரியும். இரண்டையும் சேர்த்துப் பார்த்து, இந்த 3 மில்லிகிராம் வித்தியாசம் அளவீட்டின் தடுமாற்றமா உண்மையான மாசா என்று சொல்ல ஒருவர் தேவை, அவருக்குப் புள்ளியியல் தெரிந்திருக்க வேண்டும். முதல் வருடமே புள்ளியியலில் ஒரு பாடம் எடுங்கள். அப்புறம் ஆர் அல்லது பைத்தான் என்ற கணினி நிரல் மொழிகளில் ஏதாவது ஒன்றில் தரவைக் கையாளப் பழகிவிட்டால் பயமும் பாதி குறைந்துவிடும்.

கேள்வி: கொள்கைப் பக்கம் எந்த விருப்பப் பாடங்களை எடுக்கலாம்?

பதில்: சுற்றுச்சூழல் பொருளியல், நிர்வாகச் சட்டம். இரண்டாவதைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. ஆனால் நிஜ வழக்குகளில் ஆறு கெட்டதா என்பதோடு, ஆணை போட்ட அமைப்புக்கு அந்த அதிகாரம் உண்டா, மக்களிடம் ஒழுங்காகக் கருத்துக் கேட்டார்களா என்பதிலும் சண்டை நடக்கும். இடம் இருந்தால் பொதுவளங்களை மக்கள் எப்படி நிர்வகிக்கிறார்கள் என்ற பாடமும் எடுங்கள். காடு, மீன்வளம், பாசனநீர் போன்றவற்றைப் பயன்படுத்துகிறவர்களே விதி வகுத்துக் காப்பாற்ற முடியும் என்று காட்டியதற்காகத்தான் எலினோர் ஆஸ்ட்ரமுக்கு 2009-இல் பொருளியல் நோபல் கிடைத்தது.

கேள்வி: கூடவே சட்டப் பட்டமும் சேர்த்துப் படிக்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். முதலில் இதை ஒழுங்காக முடியுங்கள்.

கேள்வி: என் மகள் இதைத்தான் படிப்பேன் என்கிறாள். வேலை கிடைக்குமா என்று கவலையாக இருக்கிறது.

பதில்: உங்கள் கவலை நியாயம்தான். இந்தப் பட்டத்தின் பெயரை மட்டும் நம்பிப் போனால் கஷ்டம், ஏனென்றால் பொறியாளர், கணக்காளர் மாதிரி இதற்கென்று ஒரே ஒரு வேலைப் பெயர் கிடையாது. அதனால் அவர் கையில் என்ன வேலை தெரிந்திருக்கிறது என்பதுதான் பேசும்: மாதிரி எடுப்பது, வரைபடத்தில் தரவைப் போடுவது (கியூஜிஐஎஸ் மென்பொருள் இலவசம், வீட்டிலேயே பழகலாம்), 300 பக்க அறிக்கையைப் படித்து 2 பக்கத்தில் எழுதித் தருவது. இந்த மூன்றும் தெரிந்த பெண்ணுக்கு ஆலோசனை நிறுவனம், கட்டுப்பாட்டு அமைப்பு, குடிநீர் வாரியம், தொண்டு நிறுவனம் என்று பல கதவுகள் உண்டு. விடுமுறையில் ஒரு தடவையாவது களப்பயிற்சிக்கு அனுப்புங்கள். இந்த வேலை தனக்குப் பிடிக்கிறதா என்று அவருக்கே அங்கே தெரிந்துவிடும்.

கேள்வி: இறுதியாண்டு ஆய்வுக்கு எதை எடுக்கலாம்?

பதில்: சின்னதாக எடுங்கள். 'பருவநிலை மாற்றமும் கொள்கையும்' என்று ஆரம்பித்தால் முடிக்கவே முடியாது. ஒரு திட்டம் சுற்றுச்சூழலை எப்படிப் பாதிக்கும் என்று முன்கூட்டியே கணித்து எழுதும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைகளில் ஏற்கெனவே வெளிவந்த ஒன்றை எடுத்து அதில் நீர் பற்றிய அத்தியாயத்தை மட்டும் சோதியுங்கள். அளவீடுகள் எந்தப் பருவத்தில் எடுக்கப்பட்டன, எத்தனை இடங்களில், அனுமதி நிபந்தனைகளில் அவை எதிரொலிக்கின்றனவா என்று பாருங்கள், முடிந்தால் நீங்களும் அதே இடங்களில் அளந்து பாருங்கள். ஆய்வகத்தில் ஒரு வழிகாட்டி, சட்டம் அல்லது பொருளியல் துறையில் இன்னொருவர் என்று இருவர் வேண்டும். கடைசி வருடம் வரட்டும் என்று காத்திருக்காமல் அதற்கு முந்தைய வருடமே போய்க் கேளுங்கள், ஏனென்றால் மழைக்காலத்தில் ஒரு முறை, வறண்ட காலத்தில் ஒரு முறை மாதிரி எடுத்தால்தான் ஒப்பிட முடியும். கடைசி செமஸ்டரில் ஆரம்பிப்பவருக்கு ஏதாவது ஒரு பருவம்தான் கிடைக்கும்.