ஒரே ஆட்டோ நான்கு முறை

அன்புள்ள ஐயா,

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். பிள்ளைகள் சராசரியைப் பிழையில்லாமல் போட்டுவிடுகிறார்கள். "சராசரி 18 என்றால் என்ன?" என்று கேட்டால் வகுப்பே வாயடைத்துப்போகிறது. தாங்களே தகவல் திரட்டும்படி ஒரு செயல்திட்டம் கொடுக்க ஆசை. பாடம் முடியாது என்கிறார்கள் சக ஆசிரியர்கள். சென்ற ஆண்டு கொடுத்தபோது பாதிப் பேர் கடையில் வாங்கிய படங்களை ஒட்டிய சார்ட் அட்டையோடு வந்தார்கள். என்ன செய்வது?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

தயங்காமல் கொடுங்கள். ஆனால் தலைப்பாகக் கொடுக்காதீர்கள், கேள்வியாகக் கொடுங்கள். 'நீர்வளம்' என்று தலைப்பு கொடுத்தால் பிள்ளைகள் கடைக்குத்தான் போவார்கள். அது அவர்கள் குற்றமில்லை. கேள்விக்கு விடை உங்களுக்கும் தெரியாததாக இருக்க வேண்டும்.

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் தெருப் பிள்ளைகள் ஆறு பேர் திண்ணையில் உட்கார்ந்து ஒரு சண்டையில் இறங்கினார்கள்: நம் சாலையில் தமிழ்நாட்டு வண்டி அதிகமா, கேரள வண்டி அதிகமா? பொள்ளாச்சியின் டி.என். 41, சித்தூரின் கே.எல். 70, பாலக்காட்டின் கே.எல். 09 எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. எண்ணிப் பாருங்கள் என்றேன். மூவர் மூவராகப் பிரிந்து, அதே திண்ணையில், அதே ஒரு மணி நேரம், நேர்க்கோட்டுக் குறி போட்டு எண்ணினார்கள். இரண்டு நோட்டிலும் இரண்டு விடை.

"நீ பொய்க்கணக்கு எழுதினாய்" என்று ஆரம்பித்தது, அரை மணியில் வேறெங்கோ போயிற்று. ஓர் ஆட்டோ நான்கு முறை போய்வந்திருக்கிறது. ஒரு குழு நான்கு என்று எழுதியது, இன்னொரு குழு ஒன்று என்று. டீக்கடை முன்னால் நிறுத்தியிருந்த பைக்கை ஒருத்தி சேர்த்திருந்தாள். நாம் எண்ணுவது வண்டியையா, வண்டி கடப்பதையா? பத்து வயதுப் பெண் கேட்டாள் இதை. புள்ளியியலின் அடிவேரே அந்தக் கேள்விதான். எதை எண்ணுகிறோம் என்று முடிவு செய்யாத எண்ணுக்கு மதிப்பில்லை. அந்த முடிவைப் பாடப்புத்தகம் முன்கூட்டியே எடுத்துவிட்டு, வெந்த சோறாக எண்களைத் தட்டில் வைக்கிறது. அதனால்தான் உங்கள் பிள்ளைகளுக்கு 18 ஒன்றும் சொல்லவில்லை.

ஆகவே விதிகளை நீங்கள் வகுத்துக் கொடுக்காதீர்கள். இரண்டு குழுக்கள் தனித்தனியாக எண்ணட்டும், முரண்படட்டும். வங்காளத்தில் சணல் பயிரைக் கணக்கெடுத்தபோது புள்ளியியல் அறிஞர் மகாலனோபிஸ் இதைத்தான் ஒரு முறையாகவே வளர்த்தார். ஒரே பகுதியில் மாதிரிகளைத் தனித்தனியாக எடுத்து, வெவ்வேறு குழுக்களிடம் கொடுத்து, முடிவுகளை ஒப்பிட்டார். வேறுபாடு பெரிதாக இருந்தால் களத்தில் எங்கோ பிழை இருக்கிறது என்று பொருள். 1931-இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கியவர் அவர். அவர் பிறந்த ஜூன் 29 தேசியப் புள்ளியியல் நாள். உங்கள் பள்ளி ஜூனில் திறந்துவிடுகிறது, அன்றே தொடங்குங்கள். சாலையோரத்தில் நிற்க வேண்டாம், மதிற்சுவருக்கு உள்ளே நின்று எண்ணினால் போதும்.

இனி சராசரி. ஐந்து நாள் வேன் எண்ணிக்கை 12, 14, 11, 13, 40 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். சராசரி 18. ஆனால் எந்த நாளிலும் பதினெட்டுக்குப் பக்கத்தில்கூட வேன் வரவில்லை. ஐந்தாம் நாள் முகூர்த்தம், கல்யாண வேன்கள். வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதைப் பார்த்தால் இடைநிலை அளவு 13, அதுதான் அந்தச் சாலையின் வழக்கமான நாள். முகூர்த்தத்தை ஒரு பிள்ளை தானாகக் கண்டுபிடித்துச் சொல்லும் வரை காத்திருங்கள். அந்தக் காத்திருப்பு எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது.

பாடம் முடியாது என்ற கவலைக்கு என் பதில்: செயல்திட்டத்தைப் பாடத்துக்குப் பிறகு வைக்காதீர்கள், பயிற்சிக் கணக்குகளின் இடத்தில் வையுங்கள். அட்டவணை, பட்டை விளக்கப்படம், சராசரி, இடைநிலை அளவு எல்லாமே இந்த எண்களிலிருந்து கிடைக்கும். மதிப்பெண்ணை அட்டையின் அழகுக்குப் போடாமல், 'எங்கே தவறினோம்' என்று அவர்கள் எழுதும் ஒரு பக்கத்துக்குப் போடுங்கள்.

மழை பெய்து வெளியே பார்க்க முடியாத நாளுக்கு ஒரு பானைப் புளியங்கொட்டை போதும். எத்தனை இருக்கிறது என்று எண்ணாமல் சொல்ல வேண்டும். 40 கொட்டைகளை எடுத்துச் சுண்ணாம்புப் பொட்டு வைத்து, உள்ளே போட்டு, நன்றாகக் கலக்கி, கண்ணை மூடி 50 எடுக்கச் சொல்லுங்கள். அதில் 8 பொட்டுக் கொட்டைகள் வந்தால், ஐம்பதில் எட்டு என்ற விகிதம் பானை முழுவதற்கும் பொருந்தும் என்று கொண்டு, மொத்தம் சுமார் 250 என்று சொல்லலாம். ஏரியில் மீன்களைக் கணக்கிடுவதும் இதே வழியில்தான். ஐந்து குழுக்கள் செய்தால் ஐந்து விடை வரும். எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதிவிட்டுப் பானையைக் கவிழ்த்து எண்ணட்டும். அதற்குள் மணி அடித்துவிட்டால் அடுத்த நாள் வந்து எண்ணட்டும். நீங்கள் எண்ணிச் சொல்லிவிடாதீர்கள்.