பிளாக் தொடங்கப் போகிறேன் என்னும் மகளின் அப்பாவுக்கு

சார், பி.காம் முடித்த பெண் வங்கித் தேர்வுக்குப் படிக்காமல் பிளாக் என்னும் வலைப்பதிவு, ஆன்லைன் மார்க்கெட்டிங் என்று லேப்டாப்பும் கையுமாக இருக்கிறாளே என்ற உங்கள் கவலை நியாயமானதுதான். ஆனாலும் தடுக்காதீர்கள். விளம்பர வருமானத்தை மட்டும் நம்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். தளத்தில் விளம்பரம் போட்டு அதற்குப் பணம் தரும் கூகுள் ஆட்சென்ஸ் 2018-லேயே தமிழுக்கு வந்துவிட்டது, ஆனால் கணக்கில் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் கைக்கு வரும், புதுத் தளத்துக்கு அது லேசில் சேராது. டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலைக்கு நேர்காணலுக்குப் போனால், தானே வளர்த்த ஒரு தளத்தைத் திறந்து காட்டுகிற பிள்ளைக்குத்தான் மதிப்பு. பிளாக் அதற்காகத்தான்.

எதைப் பற்றி எழுதுவது என்று தேடவே வேண்டாம், சென்னிமலையில் உங்கள் போர்வைக் கடையே இருக்கிறதே! சாயம் போகுமா, எப்படித் துவைப்பது, கைத்தறியா விசைத்தறியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று வாடிக்கையாளர்கள் உங்களிடம் கேட்பதெல்லாம் அவளுக்கு ஒவ்வொரு பதிவு.

தளத்தின் முகவரியான டொமைன் பெயரை அவள் பெயரிலேயே, அவள் மின்னஞ்சலிலேயே பதிவு செய்யட்டும். முதல் வருட விலையைப் பார்த்து மயங்காமல் புதுப்பிக்கும்போது எவ்வளவு என்று கேளுங்கள். தளத்தை நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருள் இலவசம். தளத்தை வைக்க இணையத்தில் இடம் தரும் ஹோஸ்டிங் வாங்கி, அதில் அவளே நிறுவினால்தான் தொழில் பிடிபடும். அப்புறம் முதல் நாளே பெர்மாலிங்க், அதாவது பதிவுகளின் முகவரி எப்படி அமையும் என்ற அமைப்பைச் சரிசெய்துவிட வேண்டும், பிறகு மாற்றினால் ஏற்கெனவே பகிர்ந்த இணைப்புகள் வேலை செய்யாமல் போகலாம். பதிவின் முகவரியை ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வைப்பது நல்லது, தமிழில் வைத்தால் வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது சதவீதக் குறிகளும் எண்களுமாக ஒரு முழம் நீண்டு நிற்கும், பார்ப்பவர் தொடவே பயப்படுவார். வேர்ட்பிரஸ் அமைப்புகளில், கூகுள் போன்ற தேடுபொறிகளைத் தடுக்கும் பெட்டியில் டிக் இருக்கிறதா என்றும் பார்க்கட்டும். அது இருந்தால் எவ்வளவு எழுதியும் பயனில்லை.

தளத்தின் தோற்றத்தைத் தரும் தீம் எளிமையாக இருந்தால் போதும், மொபைலில் சட்டென்று திறக்க வேண்டும். காசு கொடுத்து வாங்க வேண்டிய தீம்களை எங்கேயோ இலவசமாக இறக்கிப் போடுவது மட்டும் கூடவே கூடாது, அதில் வைரஸ் ஒளிந்திருக்கலாம்.

பெரிய தொகை கட்டி கோர்ஸில் சேர்ப்பதை இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள், ஹப்ஸ்பாட் அகாடமி என்னும் இணையப் பயிற்சித் தளத்தில் எஸ்இஓ (தேடலில் தளத்தை முன்னே கொண்டுவரும் முறை) பாடம் இலவசமாகவே இருக்கிறது. கூகுள் தேடலில் தளம் எப்படி வருகிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் தளத்தை இணைத்துவிட்டு, எந்தச் சொல்லைத் தேடி ஆட்கள் வந்தார்கள், அதை வைத்து எந்தப் பதிவை மாற்றினாள் என்று ஒரு நோட்டில் குறித்து வரட்டும். ஆறு மாதம் கழித்து அந்த நோட்டோடு அழைத்து வாருங்கள், எந்த வேலைக்கு விண்ணப்பிப்பது என்று பேசுவோம். அதுவரை காலையில் இரண்டு மணி நேரம் வங்கித் தேர்வுக்கும் படிக்கட்டும்.