அடித்து நீக்கிய இலக்கம்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் லண்டனில் இருக்கும் என் அக்காவின் மகன் சேர்த்து வைத்திருக்கும் இரண்டாம் உலகப்போர்க் காலத்துச் சினைப்பர் துவக்கு (மறைந்திருந்து தூரத்தில் குறிபார்த்துச் சுடுவது) ஒன்றைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. நாற்பது வருடம் யாழ்ப்பாணத்தில் லேத் பட்டறை நடத்தியவன் நான். துவக்கு சுடுவதைப் பற்றி என்னிடம் கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் ஓர் இரும்பில் துளை எப்போது போட்டது, எதனால் போட்டது, எந்த ஆணியை எத்தனை தரம் கழற்றினார்கள் என்பதைப் பார்த்துச் சொல்ல முடியும், இந்த விஷயத்தில் பாதி வேலை அதுதான்.

கேள்வி: இங்கே ஒருவர் லீ என்ஃபீல்ட் நம்பர் 4 மார்க் 1 (ரி) என்ற பிரிட்டிஷ் படையின் சினைப்பர் துவக்கு ஒன்றை விற்கிறார். எல்லா இலக்கமும் பொருந்துகிறது என்கிறார். பார்க்கப் புதிது போல இருக்கிறது. என்னிடம் உரிமம் உண்டு. உண்மையானதா என்று எப்படிப் பார்ப்பது?
*(ஸ்காபரோ, சொந்த ஊர் நெல்லியடி)*

முதலில் இந்தத் துவக்கு எப்படி உருவானது என்று தெரிந்துகொள்ளுங்கள், அது தெரிந்தால் எங்கே பார்க்க வேண்டும் என்பது தானாகவே விளங்கும். தொழிற்சாலையில் செய்த சாதாரண நம்பர் 4 துவக்குகளைச் சுட்டுப் பார்த்து, குண்டு ஒரே இடத்தில் விழுகிறவற்றை மட்டும் தெரிந்தெடுத்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை பேர்மிங்காம் பக்கத்தில் ஷேர்லியில் இருந்த பி.எஸ்.ஏ. தொழிற்சாலையில் செய்தவை, அதன் குறி எம் 47 சி. தெரிந்தெடுத்தவை லண்டனில் ஹொலண்ட் அன்ட் ஹொலண்ட் என்ற வேட்டைத் துவக்குக் கம்பனிக்குப் போயின. அவர்கள் 1942இலிருந்து 20,000க்கும் மேற்பட்ட துவக்குகளுக்கு இடது பக்கத்தில் முன்னும் பின்னும் இரண்டு இரும்புத் தட்டுகள் பொருத்தி, அதில் பிராக்கெட்டை மாட்டி, நம்பர் 32 ரெலஸ்கோப்பை ஏற்றி, பிடங்கில், அதாவது தோளில் வைக்கும் மரப்பகுதியில், கன்னம் வைப்பதற்கு ஒரு மரக்கட்டையும் இரண்டு ஆணியால் இறுக்கிக் கொடுத்தார்கள். அந்த ரெலஸ்கோப் முதலில் பிரென் இயந்திரத் துவக்குக்காக வரைந்தது, மூன்று, மூன்றரை மடங்கு பெருக்கிக் காட்டும்.

இனிக் குறிகள். துவக்கின் உடலில், அதாவது குழல் வந்து பூட்டும் நடு இரும்பில், இடது பக்கத்தில் 'ரி' என்ற ஆங்கில எழுத்து, பிடங்கு வந்து சொருகும் இரும்பின் இடது பக்கத்தில் 'ரி.ஆர்', பிடங்கின் அடியில் ஹொலண்ட் கம்பனியின் குறியான 'எஸ் 51' இருக்க வேண்டும். இவற்றை மட்டும் நம்பிக் காசு கொடுத்து விடாதீர்கள். எழுத்து அடிக்கிற உளி எல்லாருடைய பட்டறையிலும் இருக்கிறது, என்னிடமும் ஒரு பெட்டி நிறைய இருந்தது.

இலக்கம் பொருந்துவது என்பதிலும் பலர் தவறிப் போகிறார்கள். துவக்குக்கு ஓர் இலக்கம், ரெலஸ்கோப்புக்கு வேறு இலக்கம், இரண்டும் ஒன்றாக இருக்கத் தேவையில்லை. துவக்கின் இலக்கம் பிராக்கெட்டில் அடிக்கப்பட்டிருக்கும், ரெலஸ்கோப்பின் இலக்கம் பிடங்கின் மேல்பக்கம், கை பிடிக்கிற மெல்லிய கழுத்தில் மரத்தில் அடிக்கப்பட்டிருக்கும். இப்படிக் குறுக்காகப் பொருந்த வேண்டும். ரெலஸ்கோப் குழாயில் துவக்கின் இலக்கத்தையே கண்டால் சந்தோஷப்படாமல், அதை யார் அடித்தது, ஏன் அடித்தது என்று கேளுங்கள்.

என் மருமகனின் கதையைச் சொல்கிறேன். அவன் முதலில் வாங்கியது ஒரு போலி. நான் ஹரோவில் அவன் வீட்டுக்குப் போயிருந்த நேரம், குசினி மேசையில் ஒரு துவாயை விரித்து அதை வைத்து, "மாமா, எல்லா இலக்கமும் சரியாத்தான் இருக்கு" என்றான். சரிதான், இருந்தது. நான் பூதக்கண்ணாடியால் பிடங்கின் கழுத்தைப் பார்த்தேன். எண்பது வருடம் எண்ணெயும் வியர்வையும் ஊறிய மரத்தில் அடித்த இலக்கம் என்றால் பள்ளத்தின் அடியும் கறுத்திருக்க வேண்டும், ஓரங்கள் கை பட்டு மழுங்கியிருக்க வேண்டும். இதில் மேலே கறுப்பு, பள்ளத்துக்குள் நார் வெட்டுப்பட்டு வெளிறித் தெரிந்தது. நகத்தால் தடவினால் ஓரம் நகத்தைப் பிடித்தது. அப்புறம் கன்னக்கட்டையின் இரண்டு ஆணிகளையும் கழற்றச் சொன்னேன். அவன் தயங்கித் தயங்கித்தான் கழற்றினான். கட்டைக்கு அடியில் இருந்த மரம் மற்ற இடங்களைப் போலவே கறுத்து, கீறல் விழுந்து இருந்தது. சுவரில் நெடுங்காலம் மாட்டியிருந்த படத்தை எடுத்தால் அந்த இடம் மட்டும் வெளிறித் தெரியுமே, அப்படி இருந்திருக்க வேண்டும். அப்படி இல்லை என்றால் அந்தக் கட்டை அங்கே நேற்று வந்தது. மருமகன் ஒன்றும் கதைக்கவில்லை. ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் கொடுத்திருந்தான், விற்றவர் பிறகு தொலைபேசியை எடுக்கவேயில்லை.

இரண்டாவதாக அவன் வாங்கியதைத்தான் சென்ற இதழில் சொன்னேன். அதில் கழுத்தில் ஓர் இலக்கம் இருக்கிறது, அதன் மேல் ஒரு கோடு இழுத்து நீக்கி, பக்கத்தில் வேறோர் இலக்கம் அடித்திருக்கிறது. முதலில் அவனுக்கு அது ஒரு குறையாகத் தெரிந்தது. எனக்கோ அதைப் பார்த்ததும் மனம் நிறைந்து விட்டது. சேவையில் இருந்தபோது ரெலஸ்கோப் பழுதாகிப் போக, படையின் ஆயுதத் திருத்துநர் வேறொன்றைப் பொருத்தி, பழைய இலக்கத்தைக் கோடிழுத்து நீக்கிப் புதியதைப் பக்கத்தில் அடித்திருக்கிறார். யாரோ ஒருவர் தன் வேலையை ஒழுங்காகச் செய்த அடையாளம் அது. போலி செய்கிறவர் இலக்கத்தைப் பொருத்தத்தான் பார்ப்பார், பொருந்தாத ஓர் இலக்கத்தை அடித்து, பிறகு அதைக் கோடிழுத்து நீக்க அவருக்குப் பெரும்பாலும் தோன்றாது. அதிலும் அந்தக் கோட்டுப் பள்ளத்துக்குள்ளும் அதே பழைய கறுப்பு இருந்தது.

தட்டுகளையும் பாருங்கள். அவற்றின் ஆணித்தலைகளை, கழன்று போகாதபடி ஓரத்தில் உளியால் குத்தி அமத்தியிருப்பார்கள். அந்தக் குத்து பழையதா, பளிச்சென்று புதியதா? ஆணியின் வெட்டு சிதைந்திருக்கிறதா? பின்பக்கக் குறிபார்க்கும் தகட்டில் கிட்டிய தூரத்துக்கு உள்ள துளையை, ரெலஸ்கோப்புக்கு இடம் விடுவதற்காக அரைத்து எடுத்திருப்பார்கள், அந்த அரைப்பின் நிறம் பக்கத்து இரும்போடு ஒத்துப் போகிறதா? விலையில் பெரும்பங்கு ரெலஸ்கோப்பிலும் பிராக்கெட்டிலும்தான் போகிறது, பிராக்கெட்டைப் புதிதாகச் செய்து விற்கிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

உங்கள் ஊருக்கென்று இன்னொன்று. ரொரன்ரோவுக்குப் பக்கத்தில் லோங் பிராஞ் தொழிற்சாலையிலும் இந்த வகை 1,500 அளவில் செய்தார்கள், ரெலஸ்கோப் லீசைட்டில் இருந்த ரிசேர்ச் என்ரபிரைசஸ் செய்தது. அங்கேயே பொருத்தியவற்றில் 'எஸ் 51' இல்லையே என்று தேடித் திரியக் கூடாது. விற்பவர் லோங் பிராஞ் துவக்கைக் காட்டுகிறாரா, பி.எஸ்.ஏ. துவக்கைக் காட்டுகிறாரா என்பதை முதலில் கேளுங்கள். "புதிது போல" என்று எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் பிடிக்கவில்லை.

கேள்வி: ரஷ்ய மொசின் நாகன் சினைப்பர் ஒன்று பார்த்தேன். உடலில் பழைய துளைகளை அடைத்த அடையாளம் தெரிகிறது. போலி என்று விட்டுவிடலாமா?
*(சூரிச், சொந்த ஊர் சாவகச்சேரி)*

விட்டுவிடாதீர்கள், அந்த அடைப்புத்தான் அதன் பிறப்புச் சான்றிதழாக இருக்கலாம். ரூலா, இஷெவ்ஸ்க் என்ற ரஷ்ய ஊர்த் தொழிற்சாலைகளில் செய்த 91/30 வகை மொசின் நாகன் சினைப்பர்களில் பலவற்றை ரஷ்யர்கள் பிறகு சாதாரணத் துவக்காக மாற்றினார்கள். ரெலஸ்கோப் மாட்டும் அடித்தட்டைக் கழற்றி, துளைகளை அடைத்து, மேலே அராவி, கறுப்பு ஏற்றினார்கள். இப்படி மாற்றியவற்றை "முன்னாள் சினைப்பர்" என்று சேகரிப்பவர்கள் சொல்கிறார்கள். அதை வாங்கி அடைப்பைத் திறந்து, பி.யு. என்ற ரஷ்ய வகை ரெலஸ்கோப் ஒன்றைப் புதிதாக மாட்டி, "தொட்டுப் பார்க்காத அசல்" என்று விற்கிறவர்களும் உண்டு. ஒரு காலத்தில் அது உண்மையில் சினைப்பர்தான், ஆனால் இன்று அதன் மேலே இருப்பது வேறு சாமான். இரண்டையும் பிரித்து விலை பேச வேண்டும்.

குழல் உடலோடு சேரும் இடத்தில் இடது பக்கம் ரெலஸ்கோப்பின் இலக்கம் அடித்திருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்து, மேலே இருக்கும் ரெலஸ்கோப்பில் வேறு இலக்கம் என்றால் கதை விளங்கிவிடும். எந்த இலக்கமும் இல்லாமல் துளை மட்டும் புதிதாக இருந்தால் அது சாதாரணக் காலாட்படைத் துவக்கு, யாரோ வீட்டில் துளைத்தது. குண்டை உள்ளே தள்ளும் போல்டின் கைப்பிடியையும் பாருங்கள், ரெலஸ்கோப்பில் முட்டாதபடி சினைப்பரில் அது வளைந்திருக்கும்: நேரான சின்னக் கைப்பிடியை வெட்டிவிட்டு நீளமானதை வெல்டிங் செய்திருந்தால், எவ்வளவு அராவினாலும் அடிக்கழுத்தில் ஒரு தடிப்போ நிற வித்தியாசமோ தெரியும். ஒரு சதுரமும் அதற்குள் சாய்கோடும் போட்ட முத்திரை இருந்தால் படைக்களஞ்சியத்தில் திருத்தி எடுத்தது என்று அர்த்தம், அது குற்றம் இல்லை. திருத்தும்போது இலக்கங்களையும் திரும்ப எழுதிப் பொருத்தினார்கள், அதனால் எல்லாம் அழகாகப் பொருந்துவதை வைத்து இங்கே ஒன்றும் தீர்மானிக்க முடியாது.

கேள்வி: சிமோ ஹெய்ஹா பாவித்த மாதிரியே ரெலஸ்கோப் பூட்டிய துவக்கு என்று ஒருவர் விற்கிறார். நம்பலாமா?
*(லண்டன்)*

சிமோ ஹெய்ஹா பேர்பெற்ற பின்லாந்துச் சினைப்பர். 1939-40இல் ரஷ்யாவோடு நடந்த குளிர்காலப் போரில் அவர் பாவித்தது ரெலஸ்கோப் இல்லாத எம்/28-30 துவக்கு. வெறும் இரும்புக் குறியை வைத்துச் சுட்டவர் அவர். ரெலஸ்கோப் வைத்தால் தலையை உயர்த்த வேண்டும், குளிரில் கண்ணாடி பனி படரும் என்பது அவருடைய கணக்கு. விற்பவருக்கு இது தெரியவில்லை என்றால் மற்றவை எதுவும் தெரிந்திருக்காது.

கேள்வி: வீட்டுக்கு அத்திவாரம் வெட்டும்போது கறள் பிடித்த துவக்குக் குழல் போன்ற ஒன்று வந்தது. பழைய காலத்து இடியன் துவக்கு என்று ஊரில் ஒரு பெரியவர் சொல்கிறார். கழுவிப் பார்க்கலாமா?
*(கொடிகாமம்)*

தொடவே வேண்டாம். வேலையை நிற்பாட்டுங்கள், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள், 119க்கு எடுத்துப் பொலிஸுக்குச் சொல்லுங்கள். அது இடியனாகவே இருக்கலாம், ஆனால் உங்கள் ஊருக்குக் கொஞ்சம் தள்ளி முகமாலையில் எத்தனை வருடமாக மிதிவெடி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு துவக்கு கிடந்த மண்ணில் வேறு என்ன கிடக்கிறது என்று மேலே இருந்து தெரியாது. பழசு, சுடாது என்று வீட்டில் வைத்திருக்கவும் நினைக்காதீர்கள்: 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருப்பது குற்றம். வெளிநாட்டில் இருந்து "சும்மா காட்சிக்கு" ஒன்றைக் கொண்டுவரலாமா என்று கேட்ட இன்னும் மூன்று பேருக்கும் இதையே சொல்கிறேன், அந்தச் சோலியே வேண்டாம்.

கேள்வி: இந்த மண்ணில் இவ்வளவு பட்ட பிறகும், மறைந்திருந்து ஆளைக் கொல்லும் சாமானைச் சேர்ப்பதைப் பற்றி ஏன் எழுதுகிறீர்கள் ஐயா?
*(நல்லூர், ஓய்வுபெற்ற ஆசிரியை)*

ரீச்சர், உங்கள் கடிதத்தை இரண்டு நாள் மேசையில் வைத்திருந்தேன். நீங்கள் கேட்டது நியாயம். பங்கருக்குள் இருந்து தலையை வெளியே நீட்டப் பயந்த நாட்களை நானும் மறக்கவில்லை, என் பட்டறைக் கூரை இரண்டு தரம் போனது. ஒரு சினைப்பர் துவக்கை அழகு என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அதைப் போலியாகச் செய்து விற்பது எனக்குப் பொறுக்கவில்லை. அடித்து நீக்கிய அந்த இலக்கத்துக்குப் பின்னால் அதைத் தூக்கித் திரிந்த ஒரு பெடியன் இருந்தான், அவன் குறிபார்த்த இன்னொரு பெடியனும் இருந்தான். போலிக்காரன் ஒரு பொய் இலக்கத்தை அடிக்கும்போது, நடக்காத ஒன்றை நடந்ததாக எழுதுகிறான், நடந்ததை அழிக்கிறான். எங்கள் ஊரில் என்ன நடந்தது என்பதை யாராவது அப்படி மாற்றி எழுதினால் நாங்கள் சும்மா இருப்போமா? மருமகனிடம் கேட்டேன், அதை எடுத்துச் சுடுகிறாயா என்று. இல்லை மாமா, பூட்டின அலுமாரிக்குள் இருக்கிறது, வருடத்துக்கு இரண்டு தரம் எண்ணெய் பூசுகிறேன் என்றான். அதற்கு மேல் அவனை நான் கேட்கவில்லை.

கேள்வி: சட்டப்படி செயலிழக்கச் செய்து, சான்றிதழும் உள்ள நம்பர் 4 (ரி) ஒன்று என்னிடம் இருக்கிறது. பிடங்கு கறுத்து அழுக்காக இருக்கிறது. உரஞ்சிப் பொலிஷ் போடலாமா?
*(பேர்மிங்காம், சொந்த ஊர் காரைநகர்)*

வேண்டாம், தயவுசெய்து. இந்த மரங்களுக்கு ஆளி விதை எண்ணெய்தான் ஊற வைத்தார்கள், வார்னிஷ் பூசவில்லை. மெல்லிய துணியில் அதே எண்ணெய் கொஞ்சம் தொட்டுத் துடைத்தால் போதும், மிச்சத்தைக் காய்ந்த துணியால் எடுத்து விடுங்கள். உரஞ்சுதாள் பட்டால் முதலில் போவது கழுத்தில் இருக்கும் இலக்கம், மரத்தில் அது அரை மில்லிமீற்றர் ஆழம்கூட இருக்காது. எதையும் செய்வதற்கு முன் அந்தக் கழுத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். மேலே இருந்து ஃபிளாஷ் அடிக்காமல், ரோச்சைப் பக்கத்தில் சரித்துப் பிடித்து எடுங்கள், அப்போதுதான் பள்ளத்தின் அடி தெரியும்.