வைஃபை முழுதாகக் காட்டுகிறது, நெட் மட்டும் ஏன் வரவில்லை?

கேள்வி: வீட்டில் வைஃபை சிக்னல் எப்போதும் முழுதாகவே காட்டுகிறது. ஆனாலும் அடிக்கடி எந்த இணையதளமும் திறப்பதில்லை. வாட்ஸ்அப்பில் செய்தி வந்துகொண்டிருக்கும்போதே பிரவுசர் சுற்றிக்கொண்டே நிற்கிறது. ரவுட்டரை அணைத்துப் போட்டால் கொஞ்ச நேரம் சரியாகிறது. புது ரவுட்டர் வாங்கிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். எந்த இடத்தில் அறுகிறது என்று முதலில் பார்த்துவிடலாம். அதற்கு ஒரு லேப்டாப்பும் சில நிமிடங்களும் போதும்.

வைஃபை குறி சொல்வது ஒரே ஒரு விஷயத்தைத்தான்: உங்கள் கருவிக்கும் ரவுட்டருக்கும் நடுவே ரேடியோ அலை எவ்வளவு பலமாக இருக்கிறது என்பதை. ரவுட்டருக்கு வெளியிலிருந்து வரும் கேபிளைப் பிடுங்கிவிட்டாலும் அந்தக் குறியில் ஒரு கோடுகூடக் குறையாது. அதை நெட்டின் அளவுகோலாக எடுத்துக்கொள்வதால்தான் பலர் நன்றாக இருக்கும் ரவுட்டரை மாற்றிவிடுகிறார்கள்.

நெட்வொர்க் என்பது ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் தனித்தனி வேலைகள். கருவி வைஃபையில் சேர்ந்ததும் ரவுட்டரிடம் ஒரு ஐபி முகவரி கேட்டு வாங்குகிறது, அதாவது நெட்வொர்க்கில் தன்னை அடையாளம் காட்டும் ஓர் எண்ணை. வீடுகளில் அது பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். இப்படி முகவரி வழங்கும் ஏற்பாட்டுக்கு டிஹெச்சிபி என்று பெயர். ரவுட்டர் முகவரி தராவிட்டால் விண்டோஸும் மேக்கும் தாங்களாகவே 169.254 என்று தொடங்கும் ஒன்றை வைத்துக்கொள்ளும். நெட்வொர்க் விவரங்களில் அந்த எண்ணைப் பார்த்தீர்களானால் பிரச்சினை வீட்டுக்குள்ளேயேதான் இருக்கிறது.

அந்த 192.168 முகவரி வீட்டைத் தாண்டிச் செல்லாது. உலகம் முழுக்க எண்ணற்ற வீடுகளில் இதே எண்கள்தான் புழங்குகின்றன. பழைய ஐபி முறையில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான் உண்டு, ஆளுக்கொன்று கொடுக்கக் காணாது. அதனால் வீட்டிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு கோரிக்கையிலும் ரவுட்டர் தன் வெளி முகவரியைப் பதித்து அனுப்புகிறது. பதில் வந்ததும் எந்தக் கருவி கேட்டது என்று தன் அட்டவணையில் பார்த்துத் திருப்பிவிடுகிறது.

போகும் வரும் தரவு எல்லாம் பாக்கெட் எனும் துண்டுகளாகத்தான் பயணிக்கும். ஒரு பாக்கெட் வழக்கமாக அதிகபட்சம் 1500 பைட். 3 எம்பி போட்டோ ஒன்று ஏறக்குறைய 2000 பாக்கெட்டாக உடைகிறது. வழியில் இருக்கும் ஒவ்வொரு ரவுட்டரும் போய்ச் சேர வேண்டிய முகவரியைப் பார்த்து அடுத்த ரவுட்டரிடம் தள்ளிவிடும், அவ்வளவுதான். முழுப் பாதை அவற்றில் எதற்கும் தெரியாது. நடுவில் ஒரு பாக்கெட் தொலைந்தால், இரு முனைக் கணினிகளும் பின்பற்றும் டிசிபி என்ற விதிமுறை அதைக் கவனித்து மறுபடி அனுப்ப வைக்கிறது. நிறையத் தொலையும்போதுதான் வீடியோ திக்கித் திக்கி ஓடும்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பாக்கெட்டுக்குத் தெரிந்தது எண் மட்டுமே. நீங்கள் தட்டுவதோ இணையதளத்தின் பெயரை. பெயரைக் கேட்டு எண்ணைச் சொல்வது டிஎன்எஸ். ஆரம்ப காலத்தில், இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டில் இருந்த கணினிகளின் பெயர்களும் எண்களும் ஒரே கோப்பில் இருந்தன. எல்லோரும் அதை நகல் எடுத்து வைத்துக்கொண்டார்கள். கணினிகள் பெருகப் பெருக அது தாங்கவில்லை. 1983இல் பால் மோக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார். இன்றைக்கும் பெயரைத் தட்டிப் போகும் ஒவ்வொரு தளத்துக்கும் அதுதான் ஆதாரம்.

டிஎன்எஸ் பதில் சொல்லாவிட்டால் லைன் உயிரோடு இருந்தும் நெட் செத்த மாதிரிதான் தெரியும். வாட்ஸ்அப் தன் சர்வரோடு போட்ட இணைப்பைத் திறந்தே வைத்திருக்கும், மறுபடி பெயர் கேட்க வேண்டியதில்லை. பிரவுசர் புதுத் தளத்துக்குப் போகும்போது கேட்டே ஆக வேண்டும். நீங்கள் சொன்ன அறிகுறி இதோடு அப்படியே பொருந்துகிறது. பெரும்பாலான வீடுகளில் கருவிகள் ரவுட்டரிடம் கேட்கும், ரவுட்டர் சேவை நிறுவனத்தின் டிஎன்எஸ்ஸிடம் கேட்டுச் சொல்லும். ரவுட்டருக்குள் இருக்கும் அந்தச் சின்ன நிரல் சிக்கிக்கொண்டால் அணைத்துப் போட்டதும் தெளிந்துவிடும்.

சரி, சோதிப்போம். அடுத்த முறை நெட் நின்றதும் ரவுட்டரை உடனே அணைக்காதீர்கள், தடயம் அழிந்துவிடும். லேப்டாப்பில் கட்டளை தட்டும் கமாண்ட் பிராம்ப்டைத் (மேக்கில் டெர்மினல்) திறந்து, முதலில் ரவுட்டரை பிங் செய்யுங்கள், அதாவது ping என்று தட்டி அதன் எண்ணைக் கொடுத்து, பதில் வருகிறதா, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பாருங்கள். நெட்வொர்க் விவரங்களில் கேட்வே என்று போட்டிருக்கும் எண்தான் ரவுட்டர். பல வீடுகளில் 192.168.1.1. பக்கத்திலேயே இருப்பதால் பதில் சில மில்லிசெகண்டில் வர வேண்டும். ஒன்று 3, அடுத்தது 400, அடுத்தது பதிலே இல்லை என்று வந்தால் வைஃபையே சரியில்லை, குறி முழுதாக இருந்தாலும்தான். அக்கம்பக்கத்து ரவுட்டர்களும் அதே சேனலில் பேசுவதால் இப்படி ஆகலாம். ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாறுங்கள், முடியாவிட்டால் 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 ஆகிய சேனல்களில் நெரிசல் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள்.

ரவுட்டர் ஒழுங்காகப் பதில் சொன்னால் அடுத்து 8.8.8.8ஐ பிங் செய்யுங்கள். இது கூகுளின் டிஎன்எஸ் சர்வர். பதில் இல்லையென்றால் கோளாறு பெரும்பாலும் ரவுட்டருக்கு வெளியே. ஃபைபர் இணைப்பாக இருந்தால் பெட்டியில் எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கைப் பாருங்கள். சிவப்பாக எரிந்தாலோ சிமிட்டினாலோ ஒளி சிக்னலே வந்து சேரவில்லை.

8.8.8.8 பதில் சொல்லி, ஏதாவது தளத்தின் பெயரைக் கொடுத்து பிங் செய்யும்போது மட்டும் 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்று வந்தால் குற்றவாளி டிஎன்எஸ்தான். நீங்கள் போய் நிற்கப்போவது இங்கேதான் என்று நினைக்கிறேன். லேப்டாப்பின் வைஃபை அமைப்பில் டிஎன்எஸ் முகவரியாக 1.1.1.1 (கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் டிஎன்எஸ்), 8.8.8.8 இரண்டையும் போடுங்கள். அதில் சரியாகிவிட்டால் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில், கருவிகளுக்கு டிஹெச்சிபி வழியாகத் தரும் டிஎன்எஸ் என்ற இடத்திலும் அதையே போடுங்கள். அப்புறம் வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளையும் ஒருமுறை வைஃபையிலிருந்து விலக்கிச் சேர்த்துவிடுங்கள். குழந்தைகளுக்கு ஆகாத தளங்களைத் தடுக்கும் சேவை நிறுவனத்தின் குடும்ப வடிகட்டி ஏதாவது பயன்படுத்தினால் மட்டும் யோசித்து மாற்றுங்கள், டிஎன்எஸ்ஸை மாற்றினால் அது வேலை செய்யாமல் போகலாம்.

ரவுட்டரின் நிரலைப் புதுப்பித்து, டிஎன்எஸ் மாற்றிய பிறகும் ரவுட்டர் பிங்குக்கே பதில் தராமல் உறைந்துபோனால் அப்போது தாராளமாக வாங்குங்கள். வெளி லைனில்தான் தடை என்று தெரிந்தால் சேவை நிறுவனத்தை அழைத்து, 'நெட் வரவில்லை' என்று மட்டும் சொல்லாமல், 'கேட்வே பதில் தருகிறது, 8.8.8.8 தரவில்லை' என்று நேரத்தோடு சொல்லுங்கள்.