நின்றுபோன மோட்டார்ஹோமைத் தூக்கி இழுப்பதற்கு முன்: கேள்வி பதில்

கேள்வி: மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கும் வசதியுள்ள வண்டி) சாலையோரம் நின்றுவிட்டது. இழுவை வண்டிக்குப் போன் செய்யும்போது என்னென்ன சொல்ல வேண்டும்?

பதில்: "வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை" என்று மட்டும் சொன்னால் கார் தூக்கும் வண்டிதான் வந்து நிற்கும். ஓட்டுநர் இருக்கைக்கு அருகில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பார்த்து மொத்த எடையையும் ஆக்சில் (சக்கர அச்சு) எடைகளையும் சொல்லுங்கள். பிறகு நீளம், கூரை ஏசியையும் சேர்த்த உயரம், எஞ்சின் முன்னாலா பின்னாலா, ஏர் பிரேக்கா ஆயில் பிரேக்கா, பின்புறம் இரண்டாவது ஆக்சில் உண்டா, சக்கரம் தாரில் நிற்கிறதா மண்ணில் நிற்கிறதா என்பவை. எஞ்சின் கொஞ்ச நேரமாவது ஓடுமா என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். ஓடினால் காற்றுத் தொட்டி தானே நிரம்பும், பாதி வேலை குறையும். முன்பக்க அடிப்பகுதியை ஒரு படம் எடுத்து அனுப்பினால், எந்தக் கொக்கி, எந்த முட்டு என்று பார்த்து எடுத்து வருவார்கள்.

கேள்வி: கியரை நியூட்ரலில் போட்டு முன்பக்கத்தைத் தூக்கி இழுத்தால் போதாதா? பக்கத்தில்தான் ஒர்க்‌ஷாப்.

பதில்: போதாது. தூரம் குறைவு என்பதால் விட்டுவிடக் கூடாது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஆயிலைச் சுற்றவைக்கும் பம்பை எஞ்சின்தான் ஓட்டுகிறது. எஞ்சின் நின்றால் பம்பும் நின்றது. பின்சக்கரம் தரையில் உருண்டால், ஆக்சில், கிரவுன் (பின் ஆக்சிலின் நடுவிலுள்ள பற்சக்கரப் பெட்டி), புரொப்பல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸையும் கிரவுனையும் இணைக்கும் தண்டு) வழியாக கியர்பாக்ஸின் பின்பாகம் சுழன்றுகொண்டே இருக்கும். ஆயில் போய்ச் சேராத புஷ்ஷும் கிளட்ச் தகடும் சூடேறிக் கருகும். நியூட்ரல் என்பது எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள பிணைப்பை விடுவிக்கிறதே தவிர, இந்தச் சுழற்சியை நிறுத்துவதில்லை. பின்சக்கர ஓட்டம் உள்ள மோட்டார்ஹோம் என்றால் ஒன்று ஷாஃப்டைக் கழற்ற வேண்டும், அல்லது பின்சக்கரங்களை ஓட்டும் இரு ஆக்சில் தண்டுகளையும் உருவ வேண்டும்.

ஃபியட் டுகாட்டோ போன்ற முன்சக்கர ஓட்டச் சேசிஸில் கட்டியதென்றால் கதை வேறு. முன்சக்கரத்தைத் தூக்கினால் கியர்பாக்ஸ் சுழலாது, கழற்ற வேண்டியதும் இல்லை. பின்பக்கக் கைப்பிரேக் விட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கேள்வி: ஷாஃப்டைக் கழற்றும் வரிசையைச் சொல்லுங்கள்.

பதில்: முதலில் கட்டை. தரையில் நிற்கப்போகும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்காமல் ஒரு நட்டைக்கூடத் தொடாதீர்கள். ஷெவ்ரோலே பி30 போன்ற சில சேசிஸ்களில் கைப்பிரேக் டிரம், கியர்பாக்ஸின் வால் பகுதியில் இருக்கும். அது பிடிப்பது ஷாஃப்டை, சக்கரத்தை அல்ல. ஷாஃப்டைக் கழற்றிய நொடியிலேயே கைப்பிரேக் இல்லாமல் போகும், சரிவில் நிற்கும் வண்டி உங்கள் மேலேயே உருளும்.

அடுத்து ஷாஃப்டிலும் அது சேரும் யோக்கிலும் (கவை வடிவ இணைப்பு) நேர்நேராகப் பெயிண்டால் ஒரு கோடு போடுங்கள். திரும்பப் பூட்டும்போது கோடு கோட்டோடு சேராவிட்டால் அதிர்வு வரும். கிரவுன் பக்க போல்ட்டுகளைக் கழற்றியதும் கிராஸின் (ஷாஃப்ட் முனையிலுள்ள சிலுவை வடிவ இணைப்பு) இரண்டு கப்பையும் டேப்பால் சுற்றிக் கட்டுங்கள். கப் விழுந்தால் உள்ளே இருக்கும் ஊசி பேரிங் சிதறும். ஒன்று குறைந்தாலும் கிராஸையே மாற்ற வேண்டும். கழன்ற முனையைக் கம்பியால் தூக்கிக் கட்டிவிட்டு ஓடுவது சரியல்ல. அந்தக் கம்பி அறுந்தால் ஷாஃப்ட் சாலையில் குத்தும். முழுவதும் எடுத்து வண்டிக்குள் வையுங்கள். கியர்பாக்ஸிலிருந்து உருவிவரும் வகை ஷாஃப்ட் என்றால் அந்த ஓட்டை வழியாக ஆயில் கொட்டும். அதற்கு மூடி போட வேண்டும்.

கேள்வி: ஆக்சில் உருவுவது எப்போது நல்லது?

பதில்: எஞ்சின் பின்னால் இருக்கும் பெரிய டீசல் வண்டிகளில் ஷாஃப்ட் குட்டையாக இருக்கும், ஸ்பேனர் போட இடம் கிடைக்காது. அங்கே ஆக்சில்தான் வசதி. ஹப் நடுவில் உள்ள நட்டுகளைக் கழற்றி, ஃபிளாஞ்சைப் பித்தளைச் சுத்தியலால் தட்டினால் கூம்பு வாஷர்கள் தளரும். உளி கொடுத்துப் பிளக்காதீர்கள், ஹப்பின் முகம் கெட்டு ஆயில் கசியும். ஹப் பேரிங் நனைவதே கிரவுன் ஆயிலில்தான், ஆகவே திறந்த வாயை உடனே மூடித் தகடு போட்டு அடையுங்கள். இரண்டு பக்கமும் உருவுங்கள். ஒரு பக்கம் மட்டும் உருவினால் டிஃபரன்ஷியலின் சிறு பற்சக்கரங்கள் அளவுக்கு மீறிய வேகத்தில் சுழன்று கருகும். திரும்பப் பூட்டிய பிறகு கிரவுன் ஆயில் மட்டத்தைப் பார்த்து நிரப்ப மறக்காதீர்கள்.

கேள்வி: ஏர் பிரேக் வண்டி. காற்று முழுவதும் இறங்கிவிட்டது, பின்சக்கரம் அசையவில்லை.

பதில்: அது அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது. பார்க்கிங் பிரேக்கைப் பிடிப்பது ஸ்பிரிங், விடுவிப்பது காற்று. அழுத்தம் சுமார் 60 பி.எஸ்.ஐ.க்குக் கீழே போனால் ஸ்பிரிங் உரசத் தொடங்கும், 20 முதல் 45-க்குள் முழுவதும் பிடித்துவிடும். நல்ல வழி, இழுவை வண்டியிலிருந்து குழாய் போட்டுக் காற்று ஏற்றுவது. பெரும்பாலான சேசிஸ்களில் இதற்கென ஒரு வால்வு முன்பக்கம் இருக்கும். காற்று நிற்காமல் எங்கோ கசிந்தால்தான் ஸ்பிரிங்கைப் பூட்டும் வேலை.

அதற்கான டி வடிவ போல்ட் பிரேக் சேம்பரின் (ஸ்பிரிங் இருக்கும் உருளைக் கூடு) பக்கவாட்டிலேயே செருகியிருக்கும். சேம்பரின் பின்மூடியை எடுத்து, போல்ட்டை உள்ளே விட்டு, வலப்பக்கம் கால் சுற்று திருப்பி, இழுத்துப் பார்த்து மாட்டியிருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். பிறகு வாஷர், நட்டு, கை ஸ்பேனர். ஏர் கன் வேண்டாம், உள்ளே இருக்கும் தகடு பிய்ந்துவிடும். கட்டை கொடுத்த பிறகுதான் இதெல்லாம், ஏனென்றால் பூட்டி முடித்த வண்டிக்குப் பார்க்கிங் பிரேக் என்பதே கிடையாது.

சேம்பரைச் சுற்றியுள்ள கிளாம்ப் வளையத்தை எந்தக் காரணத்துக்காகவும் தொடக் கூடாது. உள்ளே அழுந்தி நிற்கும் ஸ்பிரிங் வெளியே பாய்ந்தால் எதிரே இருப்பவரின் உயிர் போகும்.

கேள்வி: ஏர் சஸ்பென்ஷன் உட்கார்ந்துவிட்டது. அடியில் புகுந்து பார்க்கலாமா?

பதில்: சேசிஸுக்கு அடியில் ஸ்டாண்டோ தடித்த மரக்கட்டையோ கொடுக்காமல் தலையைக்கூட நுழைக்காதீர்கள். வண்டியைத் தாங்கும் காற்றுப் பலூன் வெடித்தாலோ வால்வு திறந்தாலோ வண்டி எச்சரிக்கை இல்லாமல் இறங்கும். ஜாக்கியையும் லெவலிங் காலையும் (நிறுத்திய வண்டியைச் சமமாக வைக்கும் கால்) நம்ப வேண்டாம். பின்பக்கப் பலூனில் காற்று நிற்கவில்லையென்றால், ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் இடையே கட்டை வைத்துக் கட்டி உயரத்தை நிலைநிறுத்திய பிறகே இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் டயர் பாடியில் தேய்ந்து கிழியும்.

கேள்வி: ஸ்லைடு (பக்கவாட்டில் வெளியே நகரும் அறைப் பகுதி) வெளியே நிற்கிறது, லெவலிங் கால்களும் ஏறவில்லை.

பதில்: ஸ்லைடு மோட்டாரின் பின்புறத்தில் பிரேக்கை விடுவிக்கும் சிறு நெம்பு பல மாடல்களில் உண்டு. அதை விடுவித்துக் கைப்பிடியால் சுற்றி உள்ளே கொண்டுவாருங்கள். வந்ததும் நெம்பைப் பழைய நிலைக்குத் திருப்புங்கள். இங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டால் வளைவில் ஸ்லைடு தானே வெளியே நகரும். ஹைட்ராலிக் கால்களுக்கு வால்வை மெல்லத் திறந்தால் ஸ்பிரிங் மேலே இழுக்கும், அப்போது வண்டி இறங்கும் என்பதால் விலகி நில்லுங்கள். பாதியில் நிற்கும் காலைச் சங்கிலியால் தூக்கிக் கட்டுங்கள்.

கேள்வி: முன்பக்கம் தூக்கினால் பின்பக்கம் தரையில் உரசுமா?

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கள். முன் ஆக்சிலிலிருந்து பின் ஆக்சில் 6 மீட்டர், பின் ஆக்சிலுக்கு அப்பால் நீளும் பாகம் 3.5 மீட்டர் என்றால், முன்னே 30 செ.மீ. தூக்கும்போது பின்கோடி 17.5 செ.மீ. இறங்கும். பின்கொக்கி, ஏணி, மட்கார்டு ரப்பர், புகைக்குழாய் எல்லாவற்றுக்கும் தரையோடு உள்ள இடைவெளியை அளந்து, கழற்றக் கூடியதைக் கழற்றுங்கள். முன் பலூன் உள்ள வண்டியில் காற்றை இறக்கி ஆக்சிலைச் சேசிஸோடு சங்கிலியால் கட்டினால், ஆக்சில் தொங்காது, குறைவாகத் தூக்கினாலே சக்கரம் தரையை விடும்.

தூக்கும் இடம் ஆக்சில் அல்லது சேசிஸ். ஸ்டியரிங் ராடு, ஸ்வே பார், ஃபைபர் முகப்பு எதிலும் பாரம் விழக் கூடாது. முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன் என்றால் சேசிஸ் கையேடு காட்டும் இடத்தில் மட்டும். இழுகண் (கயிறு மாட்டும் வளையம்) சேற்றிலிருந்து நேராக வெளியே எடுக்கத்தான். அதில் கயிறு கட்டிச் சாலையில் இழுக்கக் கூடாது. எஞ்சின் ஓடாதபோது ஸ்டியரிங் கல்லாக இருக்கும், பிரேக்குக்கும் உதவி கிடையாது.

கேள்வி: உள்ளே என்ன செய்ய வேண்டும்? வீட்டார் உள்ளேயே உட்காரலாமா?

பதில்: ஒருவரும் கூடாது, வளர்ப்பு நாயும் கூடாது.

கேஸ் தொட்டியின் மெயின் வால்வை மூடுங்கள், பிரிட்ஜையும் ஹீட்டரையும் அணையுங்கள். 400 லிட்டர் தண்ணீர் என்றால் 400 கிலோ, முடிந்த இடத்தில் முறையாக இறக்கிவிடுங்கள். படிக்கட்டு, ஆன்டெனா, கூரை ஜன்னல் உள்ளே போகட்டும், வெளிப்பந்தலைக் கட்டுங்கள். பிரிட்ஜ் கதவையும் அலமாரிகளையும் பூட்டுங்கள். பின்னால் கார் கட்டியிருந்தால் அவிழ்த்துத் தனியே ஓட்டி வர வேண்டும். கிளம்பும் முன் நான்கு பக்கமும் படம் எடுத்து வையுங்கள்.

கேள்வி: பிளாட்பெட்டில் (தட்டையான தளமுள்ள லாரி) ஏற்றினால் இத்தனை வேலையும் மிச்சம்தானே?

பதில்: சின்ன வேன் அளவு என்றால் அதுவே சிறந்தது. பெரியதை ஏற்றினால் தளத்தின் உயரமும் சேர்ந்து பாலத்தில் இடிக்கும், ஆகவே மொத்த உயரத்தை அளந்து வழியை முடிவு செய்யுங்கள். தாழ்ந்த தளமுள்ள லாரி கிடைத்தாலும் ஏறும் சரிவில் பின்கோடி தரையைத் தொடும். பலகைகள் அடுக்கிச் சரிவை நீட்ட வேண்டியிருக்கும்.

கேள்வி: வழியில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: 10 முதல் 15 கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி பின்சக்கர ஹப் ஒவ்வொன்றின் சூட்டையும் பாருங்கள். புறங்கையை அருகில் கொண்டுபோனாலே தெரியும். சூடு அளக்கும் துப்பாக்கி இருந்தால் இன்னும் நல்லது. ஒன்று மட்டும் மற்றதைவிடச் சூடாக இருந்தால் அந்தப் பிரேக் முழுதாக விடவில்லை, அல்லது ஹப்பில் ஆயில் குறைந்திருக்கிறது. சரிசெய்யாமல் நகராதீர்கள். பிடிமானப் பட்டைகளையும் இரண்டு பாதுகாப்புச் சங்கிலிகளையும் அதே நிறுத்தத்தில் இறுக்கிவிடுங்கள். பின்னால் காந்த விளக்கு மாட்டியிருந்தால் பிரேக்கும் இண்டிகேட்டரும் எரிகின்றனவா என்று ஒருவர் பின்னால் நின்று பார்க்க வேண்டும்.

போய்ச் சேர்ந்ததும் கொக்கியிலிருந்து இறக்கும் முன்பே மீண்டும் கட்டை கொடுங்கள். ஸ்பிரிங் பூட்டியிருக்கிறது, ஷாஃப்ட் கழற்றியிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி ஸ்டியரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். ஒர்க்‌ஷாப்பில் வண்டியைத் தொடப்போகிறவருக்கு அதைத் தெரிவிக்க வேறு வழியில்லை.