மலிவு விலைப் பவுடர் மெஷர்: பென்சில்வேனியாவில் இருக்கும் அருவங்காட்டுத் தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை அருவங்காட்டில் எங்கள் வீட்டில் இருந்துதான் படித்தேன். லீவுக்கு வந்திருக்கிறேன். பென்சில்வேனியாவுக்குப் போய் இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை, ஷூட்டிங் ரேஞ்சில் சேர்ந்து 9 எம்எம் பிஸ்டலும் .308 ரைஃபிளும் சுடுகிறீர்கள், கடைத் தோட்டா விலை கட்டுப்படியாகவில்லை, சுட்ட கேஸில் மறுபடி பவுடர் நிரப்பி வீட்டிலேயே தோட்டா போட உதவும் பழைய ப்ரெஸ் ஒன்று கைக்கு வந்திருக்கிறது, இனி அந்தப் பவுடரை அளந்து கொட்டும் பவுடர் மெஷர் குறைந்த விலையில் எது வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் அப்பாவும் கார்டைட் (துப்பாக்கி மருந்து) ஃபேக்டரியில் வேலை பார்த்தவர் என்று படித்ததும் சந்தோஷமாக இருந்தது. விரிவாகவே சொல்கிறேன்.

மெஷருக்கு முன்னால் விசா. நீங்கள் எந்த விசாவில் வந்தீர்கள் என்று எழுதவே இல்லை. கிரீன் கார்டு என்றால் கவலை இல்லை. எச்1பி, எல்1, எஃப்1 போன்ற தற்காலிக விசா என்றால், அமெரிக்க மத்தியச் சட்டப்படி துப்பாக்கியோ தோட்டாவோ உங்கள் கையில் இருக்கக் கூடாது. ரேஞ்சில் வாடகைக்குத் தரும் துப்பாக்கிக்கும் இதே சட்டம்தான். சில விதிவிலக்குகள் உண்டு. ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பது அதில் முக்கியமானது. பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. அந்தச் சட்டம் "தோட்டா" என்று சொல்லும்போது முழுத் தோட்டாவை மட்டும் சொல்லவில்லை. காலிக் கேஸ் (தோட்டாவின் உலோகக் கூடு), ப்ரைமர் (அடியில் தீப்பொறி தரும் சின்ன மூடி), புல்லட் (பறந்துபோகும் முனைக் குண்டு), பவுடர் என்று ஒவ்வொரு உதிரியும் அதில் அடக்கம். கடையில் பவுடர் டப்பாவுக்குப் பணம் கட்டும்போது யாரும் விசாவைக் கேட்க மாட்டார்கள். கேட்காததால் தப்பில்லை என்று ஆகிவிடாது. பிடிபட்டால் ஜெயில், அப்புறம் நாடு கடத்தல் வரை போகும். சந்தேகம் இருந்தால் குடியேற்ற வக்கீலிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும் என்பதால், வேறு மாநிலத்துக்கு வேலை மாறினாலும் மறுபடி கேளுங்கள்.

சரி, அது தாண்டியாயிற்று என்று வைத்துக்கொள்வோம்.

உங்கள் கேள்வியை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ரிட்டயர் ஆகிப் பல வருடம் ஆகியும் வெடிமருந்து என்றால் அவர் முகம் மாறிவிடும். அவர் மெஷரைப் பற்றிக் கேட்கவே இல்லை. "அந்தப் பையனிடம் தராசு இருக்கா?" என்றார். என் பதிலும் அதுதான். மெஷர் மலிவாக இருக்கலாம், தராசு நம்பும்படி இருக்க வேண்டும். உங்களிடம் நூறு டாலர்தான் இருக்கிறது என்றால் மெஷருக்கு நாற்பது போதும். மீதியைத் தராசுக்கும் சோதனை எடைக்கற்களுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

காரணம் எளிது. மெஷர் எடை போடுவதில்லை. ஒரு குழியை நிரப்பிக் கொட்டுகிறது, அவ்வளவுதான். நம் ஊரில் ஒரே ஸ்பூனில் சிடிசி டஸ்ட் டீத்தூளும் அள்ளலாம், ஆர்த்தடாக்ஸ் நீள இலையும் அள்ளலாம். டஸ்ட் அடைந்து உட்காரும், கனக்கும். இலை ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நடுவில் காற்றை விட்டுவிடும், அள்ளும் ஒவ்வொரு தடவையும் எடை மாறும். பவுடரும் அப்படியே. உருண்டை வடிவப் பவுடர் எந்த மலிவு மெஷரிலும் தண்ணீர் மாதிரி ஓடும். ஹாட்ஜ்டன் எச்335, வின்செஸ்டர் 231 எல்லாம் இந்த ரகம். குச்சிப் பவுடர் குழியின் வாயில் குறுக்கே மாட்டிக்கொள்ளும். குழி இருக்கும் டிரம்மை (உருளையை)த் திருப்பும்போது குச்சி நறுக்கென்று வெட்டுப்படுவது கையில் தெரியும். ஐஎம்ஆர் 4064 போன்ற நீளக் குச்சி இதில் ரொம்பப் படுத்தும். அதனால் எந்த மெஷர் என்ற கேள்விக்கு முன்னால் எந்தப் பவுடர் என்ற கேள்வி வர வேண்டும்.

உங்கள் .308-ஐ எடுத்துக்கொள்வோம். வாரக் கடைசியில் கொஞ்சம் தோட்டா போடப் போகிறீர்கள், குறி துல்லியமாக வேண்டும், பெரும்பாலும் குச்சிப் பவுடர்தான் போடுவீர்கள். இதற்கு மெஷரே இப்போது தேவையில்லை என்பேன். லீ கம்பெனியின் டிப்பர் செட் ஒன்று வாங்குங்கள். சிசி அளவு போட்ட 15 பிளாஸ்டிக் கரண்டிகள், எந்தப் பவுடர் எந்தக் கரண்டியில் எவ்வளவு வரும் என்று சொல்லும் அட்டையும் கூடவே வரும். வேண்டிய அளவுக்குக் கொஞ்சம் குறைவாக அள்ளித் தராசுத் தட்டில் கொட்டுங்கள். மீதியை டிரிக்லரை (பவுடரைக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்க்கும் சின்னக் கருவி)த் திருப்பி ஒவ்வொரு குச்சியாக விழவிடுங்கள். மெதுவான வேலைதான். ஆனால் 300 டாலருக்கு மேல் விற்கும் தானியங்கி மெஷினும் இதே வேலையைத்தான் மோட்டார் வைத்துச் செய்கிறது.

9 எம்எம் கதை வேறு. நிறைய எண்ணிக்கை வேண்டும், ஒவ்வொன்றையும் எடை போட்டால் பொழுது போதாது. இங்கேதான் டிரம் மெஷர் தேவை. மலிவில் லீயின் பெர்ஃபெக்ட் பவுடர் மெஷர் போதும். சுமார் நாற்பது, ஐம்பது டாலருக்குள் கிடைக்கும். உள்ளே இருக்கும் மிருதுவான வைப்பர் குச்சிப் பவுடரை வெட்டாமல் ஒதுக்கிவிடும், இந்த விலைக்கு அது நல்ல அம்சம். குறை என்னவென்றால், ரொம்ப நுண்ணிய உருண்டைப் பவுடர் பிளாஸ்டிக் டிரம்மின் ஓரத்தில் கசியும். அப்படிப்பட்ட பவுடரை விட்டு, கொஞ்சம் பெரிய மணியாகவோ செதிலாகவோ இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் ப்ரெஸ் டரட் வகை (தலைப்பகுதி சுழலும் வகை) என்றால் லீயின் ஆட்டோ-டிரம்மையும் பாருங்கள். கேஸ் மேலே வந்து தள்ளினால்தான் பவுடர் விழும்.

கொஞ்சம் பொறுமை இருந்தால் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. அங்கே கன் ஷோவிலும் வீட்டுச் சாமான் விற்பனையிலும் ஆர்சிபிஎஸ் யூனிஃப்ளோ, லைமன் 55 போன்ற பழைய இரும்பு மெஷர்கள் பாதி விலைக்கு வரும். இவை ஆயுசுக்கும் உழைக்கும். வாங்கும்போது டிரம்முக்குள் துரு இருக்கிறதா, அளவுத் திருகைப் பூட்டினால் அசையாமல் நிற்கிறதா, ஹாப்பரில் (மேலே பவுடர் கொட்டி வைக்கும் பகுதியில்) விரிசல் உண்டா என்று பாருங்கள். பிஸ்டலுக்கு என்றால் சின்ன டிரம் போட்டதா என்று கேளுங்கள். அகலமான ஆழமில்லாத குழியைவிட ஒடுங்கிய ஆழமான குழி சின்ன அளவை ஒரே சீராகக் கொடுக்கும்.

சின்ன அளவு என்றால் எவ்வளவு கவனம் வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டே காட்டுகிறேன். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம். ரைஃபிளுக்கு 40 கிரெயின் போடும் இடத்தில் 0.2 தவறினால் அது அரை சதவீதம். பிஸ்டலுக்கு 4 கிரெயின் போடும் இடத்தில் அதே 0.2 தவறினால் ஐந்து சதவீதம். அளவைப் பவுடர் கம்பெனியோ புல்லட் கம்பெனியோ வெளியிட்ட மேனுவலில் இருந்து மட்டும் எடுங்கள், அதில் கொடுத்திருக்கும் தொடக்க அளவில் ஆரம்பியுங்கள். ரேஞ்சில் பக்கத்தில் நிற்பவர் வாய்வழியாகச் சொல்வதை எடுக்காதீர்கள்.

புது டிரம் மெஷர் வந்த அன்றே தோட்டா போட உட்காராதீர்கள். உள்ளே எண்ணெய்ப் பசை இருந்தால் துடைத்துவிட்டு, ஒரு ஹாப்பர் பவுடரை முழுவதும் ஓட்டி டப்பாவிலேயே திருப்பிக் கொட்டுங்கள். பவுடர் மேல் பூசியிருக்கும் கிராஃபைட் டிரம்மில் ஒட்டி வழுக்கலாகும். அப்புறம் ஹாப்பரை நிரப்பி, முதல் சில வீச்சுகளை (கைப்பிடியை ஒருமுறை ஏற்றி இறக்கினால் விழும் பவுடரை) எடை போடாமலே திருப்பிவிடுங்கள், பவுடர் படிய வேண்டும். இனி பத்து வீச்சைத் தனித்தனியாக எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பெரியதற்கும் சிறியதற்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் மெஷரின் உண்மையான தரம், பெட்டியில் அச்சடித்தது அல்ல.

வித்தியாசம் அதிகமாக இருந்தால் மெஷரைக் குறை சொல்வதற்கு முன்னால் கையைப் பாருங்கள். கைப்பிடியை மேலே ஒரே வேகத்தில் கொண்டுபோங்கள், மேலே தொட்டதும் ஒரு கணம் நிறுத்துங்கள், அதே வேகத்தில் இறக்குங்கள். ஒருமுறை தட்டினால் ஒவ்வொரு முறையும் தட்ட வேண்டும். ஹாப்பர் பாதிக்குக் கீழே போகவிடாதீர்கள். உள்ளே பேஃபிள் தகடு இல்லை என்றால் வாங்கிப் போடுங்கள், மேலிருந்து அழுத்தும் பாரம் மாறாமல் இருக்கும். மேசை ஆடக் கூடாது. ப்ரெஸ்ஸும் மெஷரும் ஒரே பலகையில் இருந்தால் ப்ரெஸ் அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் பவுடர் இறுகும். குளிர்காலத்தில் ஹீட்டர் போட்ட வீட்டில் காற்று வறண்டு போய், பவுடர் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு நிற்கும். துணி டிரையரில் போடும் ஷீட் ஒன்றால் ஹாப்பரையும் புனலையும் துடைத்தால் அடங்கும்.

மெஷரின் விலைக்குச் சம்பந்தமே இல்லாத ஆபத்து ஒன்று உண்டு. 9 எம்எம் கேஸில் பல பவுடர்கள் பாதிகூட நிரம்பாது. அதே கேஸில் இரண்டாவது தடவை விழுந்தாலும் வெளியே சிந்தாமல் உட்கார்ந்துகொள்ளும். அதைச் சுட்டால் துப்பாக்கி வெடிக்கலாம், கை போகலாம். கேஸ்களைக் குழிகள் போட்ட பிளாக்கில் வரிசையாக நிறுத்தி, பவுடர் போட்டு முடித்ததும் டார்ச் அடித்து ஒவ்வொன்றின் உள்ளும் பாருங்கள். எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். பார்த்த பிறகுதான் புல்லட் வைக்க வேண்டும். இடையில் போன் வந்தால், கையில் இருந்த கேஸைக் காலி செய்துவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள்.

அப்பா இன்னொன்றும் சொல்லச் சொன்னார். மேசை மேல் ஒரு நேரத்தில் ஒரே ஒரு பவுடர் டப்பா. வேலை முடிந்ததும் ஹாப்பரைக் காலி செய்து அதே டப்பாவில் கொட்ட வேண்டும். இரண்டு காரணம். மறுநாள் ஹாப்பரில் இருப்பது எது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. அதோடு கார்டைட் மாதிரி நைட்ரோகிளிசரின் கலந்த பவுடர்கள் பிளாஸ்டிக் ஹாப்பரை அரித்துவிடும். கரும்பவுடரை (பிளாக் பவுடர், பழங்காலத் துப்பாக்கி மருந்து) இந்த மெஷரில் போடவே போடாதீர்கள், அதற்கென்று தனி மெஷர் உண்டு.

நம் வீடுகளில் கவனிக்க வேண்டியதும் இருக்கிறது. அங்கே பேஸ்மென்டில் பூஜை அலமாரி வைத்திருப்பவர்கள் நிறைய. விளக்கும் ஊதுபத்தியும் இருக்கும் அறையில் இந்த மேசை கூடாது. ஃபேக்டரி கேட்டில் தீப்பெட்டியைக் கொடுத்துவிட்டு உள்ளே போன அப்பாக்களின் பிள்ளைகள் நாம். சிந்திய பவுடரை வாக்குவம் போட்டு உறிஞ்சாதீர்கள், துடைப்பமும் முறமும் போதும். சமையலறைத் தராசு, கரண்டி எதுவும் இங்கே வரக் கூடாது. ஈயத் தூசி இருக்கும், குழந்தைகளிடம் போகும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பவுடரை அதன் சொந்த டப்பாவிலேயே, குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். அமெரிக்கத் தீப் பாதுகாப்பு விதி என்எஃப்பிஏ 495 வீட்டில் 20 பவுண்டு வரை டப்பாவில் வைக்கலாம் என்கிறது, அதற்கு மேல் 50 பவுண்டு வரை என்றால் ஒரு அங்குலக் கனமுள்ள மரப்பெட்டி வேண்டும். இரும்பு சேஃபில் பூட்டி வைப்பது பாதுகாப்பு மாதிரித் தோன்றும். ஆனால் திறந்த இடத்தில் வெறுமனே எரியும் பவுடர், இறுக்கமான இரும்புக்குள் தீப்பிடித்தால் குண்டாகிவிடும். அப்பார்ட்மென்ட் என்றால் வாடகை ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு ஆரம்பியுங்கள். நீங்கள் போட்ட தோட்டாவை நீங்களே சுடுங்கள். விற்பதற்குத் தயாரிக்க மத்திய அரசு லைசென்ஸ் வேண்டும்.

கடைசியாக ஊருக்கு வரும்போது. ரேஞ்சுக்கு எடுத்துப்போகும் பையையும் ஜாக்கெட்டையும் கோயம்புத்தூர் பயணத்துக்கு எடுக்கவே கூடாது. ஒரு மூலையில் மறந்துபோன ஒரே ஒரு தோட்டாவுக்காக இந்திய விமான நிலையங்களில் ஆயுதச் சட்டம் 1959-ன் கீழ் வழக்கு வாங்கியவர்கள் இருக்கிறார்கள். பவுடர் பட்ட பையைத் துணியால் துடைத்துப் பார்க்கும் சோதனையிலும் மாட்டிக்கொள்ளலாம், அந்த மெஷின் தேடுவதே இந்த வகை ரசாயனத்தைத்தான். இங்கே லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம் என்பதால், அங்கே கற்றதை இங்கே யாருக்கும் செய்து காட்டவும் வேண்டாம்.

பவுடரை ஆன்லைனில் வாங்கினால் ஆபத்துப் பொருள் கட்டணம் தனியாக விழும், சின்ன ஆர்டருக்குக் கட்டாது. பக்கத்துக் கடையில் என்ன பவுடர் கிடைக்கிறது என்று பார்த்துவிட்டு, உங்கள் ப்ரெஸ் என்ன மாடல் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். டிரம்மா, ஆட்டோ-டிரம்மா என்று அதற்கப்புறம் முடிவு செய்யலாம்.